இதில் இல்லாதது என்ன?

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிவிட்டது. ஆனாலும் பிக்கரிங்கிலிருந்து ரயிலேறி ஸ்காபரோ பக்கம் வந்தால், கால் தன்பாட்டில் அந்தப் படியை ஏறிவிடுகிறது. கீழே மரக்கறியும் கருவாடும் விற்கிற கடை, மேலே சட்டத்தரணி அலுவலகம். படியில் இன்னும் அதே கருவாட்டு மணம்தான்.

இப்போது அலுவலகத்தை நடத்துவது அபிராமி. இங்கே கனடாவில் பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. ஒரு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கொடுக்கிற வாக்குமூலம், எப்படித் தயாராகிறது என்று எனக்குக் காட்டினாள். கட்சிக்காரர் போனில் தமிழில் கதைக்கிறார். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறது, பிறகு தமிழில் வாசித்தும் காட்டுகிறது. சத்தியமும் கையெழுத்தும் வீடியோவில். எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. நான் இருபத்தைந்து வருடம் முதுகு முறியச் செய்த வேலை அது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது, மறைப்பானேன்.

"எப்பிடி அன்ரி? குட் தானே?"

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. உது அந்தக் கேள்வியைக் கேட்டதோ?"

"வட் கேள்வி?"

நான் சொல்லத் தொடங்கினேன். அவள் இடையில் மறித்து, "இதை எழுதித் தாங்கோ அன்ரி, ஜூனியர்ஸ் எல்லாருக்கும் குடுப்பம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுதச் சொன்னால் நான் எழுதுவது பெரும்பாலும் என் முதலாளி நவாஸ் சேரைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் மன்னார்க்காரி, பெயர் மெற்றில்டா. இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஆறு பேரோடு ஒரு அறை. பகலில் கட்டடம் துடைத்தேன், பின்னேரத்தில் ரைப்பிங் வகுப்பு. சட்ட எழுதுநர் படிப்பை மூன்று முறை இழுத்து முடித்தேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நவாஸ் சேரிடம் போனேன். ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க தமிழ் எழுதினா, அடுத்த ஆளுக்கு விளங்குமா?"

எழுதிக் காட்டச் சொன்னார். பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவர் இலங்கையின் தென்மாகாணத்து முஸ்லிம். கடலோரத்தில் ஒரு நகரம். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. வீட்டில் பேசியது தமிழ், படித்ததும் வழக்காடியதும் சிங்களம். 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். யாழ்ப்பாணத்து ஆட்கள் முதல் தரம் வந்தால் என்னைத் தனியே கூப்பிட்டு, "தெற்காலை வந்தவரோ? நம்பலாமோ?" என்று கேட்பார்கள். "நம்பாட்டிப் படி அங்கால இருக்கு, பாத்து இறங்குங்கோ, வழுக்கும்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எவரும் இறங்கிப் போனதில்லை.

கனடாப் பாஸ்போர்ட் அவர் எடுக்கவே இல்லை. நிரந்தர வதிவிட அட்டையோடேயே காலத்தை ஓட்டினார். நூற்றுக்கணக்கான பேருக்குக் குடியுரிமை எடுத்துக் கொடுத்த மனிதர். ஏன் சேர் என்று கேட்டால், "போம் நிரப்பப் பஞ்சி" என்பார், சோம்பலாம்.

அவருடைய வேலை முறையைச் சொல்லவேண்டும். சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில் தயாரானதும், நான் அதை முழுவதும் தமிழில், மஞ்சள் தாளில், கையால் எழுதவேண்டும். பிறகு கட்சிக்காரரைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் எழுந்து நின்று அதை வாசிப்பார். தமிழ் எழுத்து அவருக்கு ஓடாது. விரலை வைத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதைப் போல, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். நான் வாசித்தால் பத்து நிமிடம், அவர் வாசித்தால் முக்கால் மணித்தியாலம். அந்த வேகத்தில் கேட்கிற ஆளுக்குத் தன் கதை முழுவதும் மனதில் ஒருமுறை நடந்து முடிந்துவிடும்.

வாசித்து முடித்துத் தாளை மடிப்பார்.

"சரி. இப்ப சொல்லுங்க. இதில இல்லாதது என்ன?"

கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே கார் விடும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு சொல் பேசமாட்டார். ஆரம்பத்தில் எனக்கு விசர் வரும். வெளியில் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். "ஒண்டும் இல்லை சேர், எல்லாம் இருக்கு" என்பார் கட்சிக்காரர். சேர் அப்போதும் திரும்பமாட்டார். பிறகுதான் வரும். "சேர், நான் ஓடேக்க அம்மாவை விட்டிட்டு ஓடினனான்." "சேர், அவங்கள் பிடிச்சது என்னை இல்லை, முதல்ல தம்பியை. நான்தான் அவன் நிக்கிற இடத்தைச் சொன்னனான்." மஞ்சள் தாளின் அடியில் நான் எழுதுவேன். எத்தனையோ வழக்கு அந்த அடிவரியில்தான் நின்றது.

இதை எங்கே பழகினீர்கள் என்று ஒரு பனி நாளில், கட்சிக்காரர் எவரும் வராத நேரம், கேட்டேன். தெற்கில் கிளர்ச்சி நடந்து, அரச படை இளைஞர்களை அள்ளிக்கொண்டு போன காலத்தில் அவர் காணாமல்போனவர்களின் தாய்மாருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். எல்லோரும் சிங்களத் தாய்மார். ஒரு தாய் கையெழுத்து வைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி, "மாத்தயா, என்ர மகனுக்கு இடது முழங்காலுக்குக் கீழ நெருப்புச் சுட்ட தழும்பு ஒண்டு இருக்கு, அது எழுதத் தேவையில்லையே?" என்று கேட்டாராம். அடையாளத்துக்கு அதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். அந்தத் தாய்க்கு அது தெரியாது, இவரும் கேட்கவில்லை. அந்த மனுக்களுக்காகத்தான் அவருடைய வீட்டுக்கு ஆள் வந்தது, அவர் நாட்டை விட்டதும் அதனால்தான்.

"நான் கேட்டிருந்தா அந்தம்மா வாசல் வரைக்கும் போயிருக்க மாட்டாங்க" என்றார். பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

ஊரில் போர் முடிந்த வருடத்துக்கு வருகிறேன். அந்த வசந்தகாலம் முழுவதும் எங்கள் அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை, போன்தான் நடந்தது. எவருக்கும் எவரைப் பற்றியும் தெரியாது. மே மாதத்தில் ஒரு காலை சேரின் அண்ணன் தெற்கிலிருந்து போன் எடுத்தார். போனுக்குள் வெற்றிப் பட்டாசுச் சத்தம் கேட்டது, மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. சேர் போனை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில், "மெற்றில்டா, உங்கட ஆக்கள் ஆராவது அங்க ஈக்கிறாங்களா?" என்று கேட்டார். "என்ர தங்கச்சி சேர்" என்றேன். அவளைப் பற்றிய செய்தி வர இன்னும் ஆறு கிழமை எடுத்தது. அவள் தப்பியிருந்தாள்.

பிறகு முகாம்களிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. மனைவியை, பிள்ளைகளைக் கனடாவுக்குக் கூப்பிட வந்தவர்களால் படியெல்லாம் ஆள். அப்படி வந்தவர்தான் யோகன். ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் அவர் கனடா வந்தபோது மனைவி சுகந்தி பிள்ளைத்தாய்ச்சி. ஒரு மகன் ஏற்கெனவே இருந்தான், அவர் வந்த பிறகு மகள் பிறந்தாள். ஆரணி என்று பெயர். படத்தில் மட்டும் பார்த்த மகள். இப்போது மூன்று பேரும் வவுனியா முகாமில் என்றார்.

கடதாசிகள் தயாராகிய அன்று நவாஸ் சேருக்கு டவுன்ரவுணில் விசாரணை. "நீங்களே வாசிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசித்தேன். தாளை மடித்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஜன்னலைப் பார்த்தேன். எல்லாம் சேர் செய்கிறபடியே செய்தேன்.

யோகன் மடித்த தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"அக்கா, ஆரணி இல்லை."

நான் திரும்பினேன்.

"கடைசிக் கிழமை செல் விழுந்து முடிஞ்சுது. இப்ப சுகந்தியோட இருக்கிறது பக்கத்து பங்கர்ப் பிள்ளை. அந்தப் பிள்ளையின்ர தாயும் அடுத்த நாள் செத்துப் போட்டா. தேப்பன் முன்னமே இல்லை. முகாமில பதியேக்க, இந்தப் பிள்ளை சுகந்தியின்ர சட்டையைப் பிடிச்சபடி நிண்டிருக்கு. மகளோ எண்டு கேட்டிருக்கினம். கைப்பையில ஆரணியின்ர பிறப்புச் சேட்டிபிக்கற் இருந்தது. ஓம் எண்டிட்டா."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே என் மண்டை கணக்குப் போட்டது. உண்மையை எழுதினால் அந்தப் பிள்ளை இவருடைய பிள்ளையுமில்லை, முறையாகத் தத்தெடுத்ததுமில்லை. முகாமிலிருந்து எங்கேயோ ஒரு விடுதிக்குப் போய்விடும். அந்த வருடம் எனக்கு உண்மையின் மேலேயே கோபமாக இருந்தது. உலகம் முழுவதும் உண்மை தெரிந்துதானே பார்த்துக்கொண்டிருந்தது?

"இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா."

"அப்ப இருக்கிறபடி இருக்கட்டும். கையெழுத்தை வையுங்கோ."

அவர் வைத்தார். பின்னேரம் சேர் வந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டபோது, "ஒண்டும் இல்லை சேர், எல்லாம் இருக்கெண்டார்" என்றேன். சேர் நம்பி விண்ணப்பக் கோவையை அனுப்பினார்.

மரபணுப் பரிசோதனை கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்துவிட்டு அப்படி நினைத்தது பெரிய மடைத்தனம். கேட்டார்கள். மகன் பொருந்தினான், மகள் பொருந்தவில்லை. உண்மையை மறைத்த குற்றத்துக்காக முழு விண்ணப்பத்தையும் நிராகரித்துக் கடிதம் வந்தது. சில வருடங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் ஏலாது. ஒரு பிள்ளையைக் கொண்டுவர நான் செய்த வேலையில் தாய்க்கும் மகனுக்கும் சேர்த்துக் கதவு பூட்டுப்பட்டது.

சேர் யோகனைக் கூப்பிட்டார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மெற்றில்டா, அந்தக் கேள்வி கேட்டீங்கதானே?"

"கேட்டனான் சேர். இவர் ஒண்டும் சொல்லேல்ல."

இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. யோகன் என்னைப் பார்த்தார். அவருடைய கோவை என் கையில், மனைவி முகாமில். என்னைப் பகைத்தால் தனக்கு ஒருவருமில்லை என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

"ஓம் சேர்" என்றார். "நான் சொல்லேல்ல."

போகும்போது படியில் நின்று என்னிடம் கேட்டார்: "அக்கா, சுகந்தியையும் மகனையுமாவது விடுவினமோ?" குரலில் என்மேல் ஒரு துளி குறை இல்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை சேரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லக் கதிரையில் இருந்தார். வேலை நேரத்தில் அவர் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

"யோகன் சொன்னார், நீங்க எழுதல்ல. நான் கேட்டப்ப எனக்கிட்டப் பொய் சொன்னீங்க. பிறகு அவருக்கு முன்னாலயும் சொன்னீங்க."

"ஓம் சேர். ஏசுங்கோ சேர்."

"ஏச நேரம் ஈக்கி. முதல்ல அந்தப் புள்ளகள்."

யோகன் உண்மையைச் சொன்னார், அலுவலகம்தான் மறைத்தது என்று காட்டினால் குடும்பத்துக்கு ஒரு வழி இருந்தது. அதற்கு என்னுடைய சத்தியக்கடதாசி வேண்டும். இனி இந்த வழக்கை அவர் கையால் நடத்த முடியாது, வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைக்கவேண்டும். சட்டத்தரணிகளைக் கண்காணிக்கிற சபைக்கும் அவராகவே கடிதம் போடவேண்டும். இதையெல்லாம் விரல் மடித்துச் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்றிருந்தது. அது எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் அவருடைய ஊரிலிருந்து ஒரு சுயேச்சைக் குழு அவரை மாநகரசபைக்கு நிற்கும்படி கேட்டுக்கொண்டிருந்தது. சண்டை முடிந்துவிட்டது, ஊர் ஆட்கள் ஊருக்கு வாருங்கள் என்று அண்ணனும் நெருக்கினார். இவர் அரை மனதோடு ஓம் என்றிருந்தார்.

"சேர், ஊரில இதைப் பிடிச்சுக்கொண்டு ஆடுவாங்கள்."

"ஆடட்டும்."

"நான் வேலையை விட்டுப் போறன் எண்டு போட்டிட்டு, எல்லாப் பழியையும் என்ர தலையில போடுங்கோ. உங்களுக்குத் தெரியாதுதானே?"

"பேர்ப் பலகைல ஈக்கிறது உங்கட பேரா, என்ர பேரா?" என்றார். அதுதான் அவர் எனக்குத் தந்த ஒரே ஏச்சு.

என்னுடைய சத்தியக்கடதாசியைப் புதிய சட்டத்தரணி ஆங்கிலத்தில் தயாரித்தார், சத்தியமும் அவர் முன்னால்தான். ஆனால் அதற்கு முதல் நாள் சேர் என்னிடம், "தமிழ்ல எழுதுங்க" என்றார். மஞ்சள் தாளில் எழுதினேன். கட்சிக்காரர் கதிரையில் என்னை இருக்கச் சொன்னார். பன்னிரண்டு வருடம் அந்த அறையில் வேலை செய்தும் அந்தக் கதிரையில் நான் இருந்ததில்லை. மிகவும் பதிவான கதிரை, நிற்கிற ஆளை அண்ணாந்து பார்க்கவேண்டும். எத்தனை பேரை அதில் இருத்தியிருக்கிறேன்!

விரலை வைத்து வாசித்தார். என் எழுத்து, என் வசனம். ஆனால் அவருடைய வாயில் அது ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. முடிந்தது. தாளை மடித்தார்.

"இதில இல்லாதது என்ன?"

ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார். எல்லாம் இருக்கு சேர் என்று சொல்ல வாய் வந்தது. எத்தனையோ பேர் சொன்ன அதே பதில். அடக்கிக்கொண்டேன். வெளியே ஒருவர் காரிலிருந்து பனியை வழித்துக்கொண்டிருந்தார், அவர் வழித்து முடித்துப் போயும்விட்டார்.

"பாவம் பாத்துத்தான் செய்தன் எண்டு அதில எழுதியிருக்கிறன்" என்றேன். "முதல் பொய் பாவம் பாத்துச் சொன்னது. ரெண்டாவது என்னைக் காப்பாத்தச் சொன்னது. யோகன் எனக்காக வாயை மூடினதை நான் பாத்துக்கொண்டு சும்மா நிண்டனான். அது அதில இல்லை."

"எழுதுங்க" என்றார், திரும்பாமல்.

எழுதினேன். ஆங்கிலத்திலும் அது ஏறியது. அதை வாசித்த அதிகாரி அந்தப் பந்தியைத்தான் தன்னுடைய முடிவில் எடுத்துக் காட்டியிருந்தார். தன்னைத்தானே இவ்வளவு இழிவுபடுத்திச் சொல்கிற சாட்சியை நம்பாமல் விடக் காரணமில்லை என்பது அதன் சாரம்.

அந்தப் பிள்ளை யார் என்பதையும் புதிதாக எழுதவேண்டியிருந்தது. தாயின் பெயர், ஊர், பங்கர் இருந்த இடம், கடைசியாக உடுத்திருந்த சேலை எல்லாவற்றையும் சுகந்தி போனில் சொல்லச் சொல்ல, என்னைக்கொண்டே எழுதுவித்தார் புதிய சட்டத்தரணி. அயலில் இருந்த மூன்று பேர் கடிதம் கொடுத்தார்கள். பிள்ளைக்கும் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. துளசி. மனிதாபிமான அடிப்படையில் அவளையும் சேர்த்து அனுமதி வர ஒன்றரை வருடம் சென்றது. விமான நிலையத்தில் யோகன் மனைவியையும் மகனையும் கட்டிப்பிடித்தார். துளசி தள்ளி நின்றாள். அவர் முழந்தாளிட்டு இருந்து, "துளசியோ?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் குளிர்ச்சட்டையை விரித்துப் பிடித்தார், அவள் வந்து கையை நுழைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முன்னால் போக எனக்கு முகமில்லை. சுகந்திதான் தேடி வந்து, "அக்கா, சாப்பிட வாங்கோ" என்று இழுத்துப்போனார்.

அப்போது நவாஸ் சேர் இங்கே இல்லை. சட்டத்தரணிகள் சபை அவரைக் கண்டித்து எழுதிய கடிதத்தைக் கோவையில் தானே துளையிட்டுப் போட்டுவிட்டு, அலுவலகத்தை அபிராமிக்கு முந்தைய சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போய்விட்டார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. "இனி அந்தக் கேள்விய நீங்க சரியாக் கேப்பீங்க" என்றார், அவ்வளவுதான்.

நான் பயந்தபடியே ஊரில் துண்டுப்பிரசுரம் வந்தது. 'கனடாவில் பொய்ச் சத்தியம் கொடுத்துப் பிடிபட்டவர் நமக்கு மேயரா?' என்று சிங்களத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். பிறகு நடந்ததை அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். சந்தைக்கு முன்னால் நடந்த கூட்டத்தில், சேர் பேச்சுக் குறிப்பை எடுப்பதற்குப் பதிலாக அந்தத் துண்டுப்பிரசுரத்தை எடுத்தாராம். இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாராம். தமிழ்ப் பக்கத்தை விரல் வைத்து. கூட்டம் சிரித்ததாம். மடித்து வைத்துவிட்டு, "இதில இல்லாதது என்ன தெரியுமா?" என்று கேட்டு, பங்கர்ப் பிள்ளையின் கதையைச் சிங்களத்தில் சொன்னாராம். பட்டாசு சுட்ட ஊர் அது. "ஒருத்தரும் கூச்சல் போடல்ல, மெற்றில்டா. முன்னுக்கு நின்ட பொம்புளைகள் சிலர் முந்தி இவர் மனு எழுதிக் குடுத்த தாய்மார்" என்றார் மனைவி. மிகக் குறைந்த வாக்கால் வென்றார்.

இரண்டு வருடம் கழித்து மன்னார் போனபோது, பஸ் மாறி மாறி அவரைப் பார்க்கத் தெற்குக்கும் போனேன். மாநகரசபைக் கட்டடம், மேல் மாடி. மேயர் அணியும் சங்கிலி சுவரில் ஆணியில் தொங்கியது. கதவு திறந்தபடி, நீள வாங்குகளில் ஆட்கள். ஒரு மீன்காரப் பெண் முறைப்பாட்டோடு இருந்தார், சேர் நின்றுகொண்டு அதை வாசித்தார். சிங்களம் எனக்கு அரைகுறை. ஆனால் தாளை மடித்ததும் என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரும்பினார். நானும் பழக்க தோஷத்தில் பேனையை எடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் நெடுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார். வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். என்ன என்று பக்கத்தில் இருந்த எழுதுவினைஞரைக் கேட்டேன். சந்தைக் கழிவுநீர்க் கான் அடைத்து மீன்கடைக்குள் தண்ணீர் வருகிறது என்பது முறைப்பாடு. எழுதாமல் விட்டது, அந்தக் கானை மறித்து மதில் கட்டியிருப்பது மேயரின் அண்ணன் என்பது.

சேர் திரும்பினார். "அதையும் எழுதுங்க" என்றார், எழுதுவினைஞரிடம். அடுத்த கிழமை மதில் இடிந்தது. அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தினார். அடுத்த தேர்தலில் அண்ணனின் ஆட்கள் மறுபக்கம் போட்டார்கள், சேர் தோற்றார். இப்போது அதே சந்தைத் தெருவில் ஒரு சின்ன அறையில் மனு எழுதிக்கொடுக்கிறார். பெருநாளுக்கு நான் போன் எடுப்பேன். மேயராக இருந்து என்ன மிச்சம் சேர் என்று கேட்டால், "கான் ஓடுது" என்பார்.

இவ்வளவும் எழுதி முடித்தேன். அபிராமிக்கு அனுப்ப முதல் எவருக்காவது வாசித்துக் காட்டவேண்டும் என்று தோன்றியது. ரூஜில் யோகன் வீட்டுக்குப் போனேன். துளசி இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். தமிழ் நன்றாக விளங்கும், வாசிக்கப் பஞ்சி. அவளை இருத்திவிட்டு, சேர் வாசிக்கிற வேகத்தில் வாசித்தேன். சுகந்தி குசினி வாசலில் நின்று கேட்டார். முடித்துத் தாளை மடித்தேன். கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"சொல்லு பிள்ளை. இதில இல்லாதது என்ன?"

நான் ஜன்னலுக்குத் திரும்பினேன். கனநேரம் காக்கவேண்டி வரவில்லை.

"அன்ரி, ஐ மீன்... நல்லா இருக்கு. பட் இதில எனக்கு ரெண்டு அம்மா இருக்கினம். ஒராளுக்குத்தான் பேர் இருக்கு."

முதல் கடதாசியில் துளசியைப் பெற்ற அந்தப் பெண்ணை நான் இல்லாமலே ஆக்கினேன். இந்தக் கடதாசியில் 'தாயின் பெயர்' என்று எழுதிக் கடந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் அந்தக் கேள்வி கேட்கும் அறையில் இருந்தவள் நான். எனக்கு இந்தக் கேள்வி இன்னும் பழகவில்லை.

பேனையை எடுத்துத் தாளின் அடியில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பெயர்தான், ஆனாலும் அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். குசினி வாசலில் நின்று சுகந்தியும் கூடச் சொன்னார்.

தவமலர்.